நகைப்புக்கு அஞ்சும் நாற்காலி

வாளுக்கு அஞ்சாத அரசர்கள் வரலாற்றில் பலர் உண்டு. நகைப்புக்கு அஞ்சாத கொடுங்கோலன் ஒருவனைக் காண்பதோ அரிது. தன்னை எதிர்ப்பவனைச் சிறையில் தள்ள அவனுக்குத் தெரியும். எதிரியோடு போர் புரிந்தால் அவன் பெருமை கூடவும் கூடும். ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிப்பவனை அவன் என்ன செய்வான்? தண்டித்தால் சிரிப்பு இன்னும் பரவும். விட்டுவிட்டால் அச்சம் கலையும். அச்சம் கலைந்த ஊரில் கொடுங்கோலுக்கு இடமில்லை. திரைப்படங்களில் வரும் அரசியல் நையாண்டியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த உண்மையே நம் மனத்தில் முதலில் எழுகின்றது.

நையாண்டி என்பது மேலைநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்று எண்ணுவோர் உளர். நாம் வாழும் குன்றத்தூர் அடங்கிய இந்தத் தொண்டை நாட்டிலேயே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு பெண்பாற் புலவர் ஓர் அரசனை அவன் அவையிலேயே நகையாடிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகக் காஞ்சிக்கு வந்த ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். 'பார், என் வலிமையை' என்பது அதன் பொருள். ஔவையோ அந்த ஆயுதங்களைப் பாராட்டுவதுபோலப் பாராட்டினார். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவல் மிக்க மனையில் இருக்கின்றனவே என்றார். எங்கள் அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று 'வருந்தினார்'. போரையே காணாத ஆயுதங்கள் உன்னுடையவை என்பதைப் புகழ்ச்சியின் போர்வையில் சொல்லிவிட்டார். புறநானூறு காத்து வைத்திருக்கும் இந்தக் காட்சியைக் காட்டிலும் நேர்த்தியான அரசியல் நையாண்டி வேறெந்த மொழியில் உண்டு என்று நமக்குத் தெரியவில்லை.

குன்றத்தூர் தந்த அமைச்சர்

குன்றத்தூர் என்றதும் பலருக்கும் குன்றின்மேல் உள்ள முருகன் கோயில் நினைவுக்கு வரும். தமிழ் படித்தவர்களுக்கோ சேக்கிழார் நினைவுக்கு வருவார். பெரியபுராணம் பாடிய அந்தப் பெருமகனார் பிறந்த ஊர் இது. அவர் புலவர் மட்டுமல்லர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராகவும் இருந்தவர். அரசவையின் நெளிவு சுளிவுகளை உள்ளிருந்து பார்த்த கண் அவருடையது.

அவர் காவியத்தில் மனுநீதிச் சோழனின் வரலாறு வருகின்றது. இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று ஒன்று மடிகின்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கின்றது. அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்லுமாறு ஓர் அமைச்சனுக்கு ஆணையிடுகின்றான். பசுவும் கன்றும் தேரும் நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்த அமைச்சன் என்ன ஆனான் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றோம். ஆணையை நிறைவேற்றவும் மனமில்லை, மறுக்கவும் வழியில்லை. அவன் தன் உயிரையே மாய்த்துக் கொள்கின்றான். அதன் பின்னரே அரசன் தானே தேரைச் செலுத்துகின்றான்.

தாமே அமைச்சராக இருந்த ஒருவர் இந்த இடத்தைப் பாடியபோது அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. நீதியுள்ள அரசனின் கீழேயே அமைச்சன் படும் பாடு இதுவானால், நீதியற்றவனின் கீழ் என்ன ஆவது? அங்கே அமைச்சர்கள் உயிரை விடுவதில்லை, முதுகெலும்பை விட்டுவிடுகின்றார்கள். இடித்துச் சொல்வார் இல்லாத மன்னன் பகைவரே இல்லாவிட்டாலும் கெட்டழிவான் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அந்த உண்மையை நம் காலத்தில் நகைச்சுவையாகத் திரையில் விரித்த படம் ஒன்று உண்டு.

புலிகேசியின் அவையில்

2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யைக் காணாதவர் தமிழகத்தில் குறைவு. சிம்புதேவன் இயக்கிய முதல் படம். தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். அதுவரை கதாநாயகனுக்குத் துணைவனாக அடிவாங்கிக் கொண்டிருந்த வடிவேலு, இதில் இரட்டை வேடத்தில் அரசனாகவும் அரசனை எதிர்ப்பவனாகவும் வந்தார். ஆங்கிலேயக் கும்பினி நம் மண்ணில் காலூன்றிக் கொண்டிருந்த 18ஆம் நூற்றாண்டின் பாளையம் ஒன்றே கதைக்களம். இரட்டைக் குழந்தைகளில் அறிவு மந்தமான பிள்ளையை அரியணையில் இருத்திவிட்டு, அவன் பின்னால் நின்று தாய்மாமன் ஆட்சி செய்கின்றான். நாசர் ஏற்ற அந்தப் பாத்திரத்தின் சூழ்ச்சியிலிருந்து தப்பிய மற்றொரு பிள்ளை மக்களிடையே வளர்ந்து அவர்களின் துன்பத்தை அறிகின்றான். சிவாஜி கணேசன் நடித்த 'உத்தமபுத்திரன்' படத்தை 1958இல் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் எலும்புக்கூடு உடனே புலப்படும். பழைய எலும்புக்கூட்டின்மேல் புதிய சதையைப் போர்த்தியதில்தான் சிம்புதேவனின் திறமை இருக்கின்றது.

அந்தச் சதை முழுவதும் இன்றைய அரசியல்தான். மெலிந்த உடல்வாகு கொண்ட அரசன் தன் ஓவியத்தில் மட்டும் மல்லனின் தோள்களோடு நிற்கின்றான். வரலாறு தன்னை அப்படித்தான் அறிய வேண்டுமாம். பகைவன் படையெடுத்து வந்தால் அவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைக் கொடி. வெளிநாட்டுக் குளிர்பானத்துக்கு அரசனே விளம்பரம் செய்கின்றான். குடிமக்கள் சாதியின் பெயரால் அடித்துக் கொள்வதைத் தடுக்காமல், அவர்கள் வசதியாக அடித்துக் கொள்வதற்கென்றே மைதானம் ஒன்றைத் திறந்து வைத்து அதிலும் வருவாய் பார்க்கின்றான்.

இந்தச் சாதிச்சண்டை மைதானக் காட்சியைப் பற்றி மட்டும் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். சண்டையை மூட்டிவிடும் ஆட்சியை நாம் அறிவோம்; சண்டையை அடக்கும் ஆட்சியையும் அறிவோம். சண்டைக்கு முறையான இடமும் நேரமும் ஒதுக்கி, அதைத் தன் நிர்வாகத்தின் ஒரு துறையாகவே ஆக்கிக்கொண்ட ஆட்சியைக் காட்டியபோதுதான் அரங்கில் இருந்தவர்களுக்குச் சுருக்கென்றது. மைதானத்தைத் திறந்தவன் அரசன். அங்கே போய் மோதியவர்கள் குடிகள். அந்தச் சிரிப்பில் நமக்கும் ஒரு பங்கு அடி விழுந்தது.

நம் வீட்டில் இந்தப் படம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் மூன்று தலைமுறையும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதுண்டு. பிள்ளைகள் வடிவேலுவின் மீசையைக் கண்டு சிரிப்பார்கள். அவர்களின் பெற்றோர் வசனங்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிரிக்காமல் பார்த்துக் கொண்டிருப்பார். ஒருநாள், "ஏன் ஐயா, பிடிக்கவில்லையா?" என்று கேட்டோம். "நீங்கள் எல்லாரும் அரசனைப் பார்க்கின்றீர்கள். நான் அவனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கின்றவர்களைப் பார்க்கின்றேன். எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்" என்றார்.

அன்று முதல் நாமும் அவ்வாறே பார்க்கத் தொடங்கினோம். கோழையான அரசன் ஒருவன். அவனை வீரன் என்று கூவுவோர் நூறு பேர். ஓவியனுக்கு உண்மை தெரியும், காவலனுக்குத் தெரியும், அமைச்சனுக்கும் தெரியும். யாவருக்கும் தெரிந்த பொய்யை யாவரும் சேர்ந்து சுமக்கின்றார்கள். கொடுங்கோன்மை என்பது ஒருவன் தனியாகச் செய்யும் கொடுமை என்று எண்ணிக் கொண்டிருந்த நமக்கு, அது பலர் கூடி நடத்தும் நாடகம் என்று அந்த ஆசிரியர் காட்டினார்.

எரிக்கப்பட்ட படம்

அரியணையின் கதையைப் படமாக்கியவருக்கு நேர்ந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அம்ரித் நாகாட்டா 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படத்தை எடுத்து 1975ஆம் ஆண்டு தணிக்கைக்கு அனுப்பினார். 'நாற்காலியின் கதை' என்பது அத்தலைப்பின் பொருள். அதில் 'ஜனதா' என்ற பெயரில், அதாவது மக்கள் என்ற பெயரில், ஒரு பெண் வருகின்றாள். அவள் வாய் பேச முடியாதவள். இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தைச் சொல்லிவிட முடியாது.

தணிக்கைக் குழுவும் அமைச்சகமும் ஆட்சேபங்களை எழுப்பிக் கொண்டிருக்கும்போதே, அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. படத்தின் பிரதிகளும் மூலச்சுருளும் கைப்பற்றப்பட்டன. அவை குர்கானில் இருந்த மாருதி தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டன என்று பின்னாளில் வழக்கு நடந்தது. சஞ்சய் காந்தியையும், செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வி.சி. சுக்லாவையும் 1979இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 1980இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இதற்கிடையே நாகாட்டா அதே படத்தை மீண்டும் எடுத்து 1978இல் வெளியிட்டார். சுருளை எரித்தாலும் கதையை எரிக்க முடியவில்லை.

நம் தமிழகத்திலும் நையாண்டி எளிதாக நடைபோட்டுவிடவில்லை. சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' முதலில் நாடகமாக மேடையேறி, 1971இல் எதிர்ப்புகளுக்கிடையே திரைப்படமாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றிக் குடிகளை அலைக்கழித்த சுல்தான் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்தால், நாம் அவனைப் பிரதமராகவே ஆக்கிவிடுவோம் என்பதுதான் கதை. கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கின்றான். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகின்றான். உண்மையில் அவன் துக்ளக் அல்லன். மக்களின் ஏமாளித்தனத்தை அவர்களுக்கே உணர்த்துவதற்காக நண்பனோடு சேர்ந்து வேடமிட்ட இளைஞன். ஆனால் உண்மையை வெளியிட வேண்டிய நாள் வந்தபோது நாற்காலி அவனை விடவில்லை. உண்மையைச் சொல்ல வந்த நண்பனைத் துரோகி என்று சொல்லிக் கூட்டத்தின் கோபத்துக்கு இரையாக்கி விடுகின்றான். நையாண்டிக்காரனையும் நாற்காலி விழுங்கிவிடும் என்ற இந்த முடிவு, அந்தப் படத்தின் மற்ற வேடிக்கைகள் பழையனவாகிவிட்ட பின்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கின்றது.

சிரித்தால் போதுமா?

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழுகின்றது. சிரிப்பதால் என்ன ஆகிவிடும்? குக்கரின் மூடியில் ஆவி போக ஒரு துளை இருப்பதுபோல, மக்களின் கோபம் வெடித்துவிடாமல் சிறிது சிறிதாக வெளியேற ஆட்சியாளரே விட்டுவைக்கும் துளைதானா நையாண்டி?

இந்த ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1994இல் மணிவண்ணன் இயக்கிய 'அமைதிப்படை'யில், கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்கித் திரியும் அமாவாசை என்பவன் சட்டமன்ற உறுப்பினன் ஆகின்றான். வாக்கு எண்ணிக்கையின்போது முன்னணி நிலவரம் ஏற ஏற, அவன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோரணை சிறிது சிறிதாக மாறுவதைச் சத்யராஜ் நடித்துக் காட்டிய விதம், அதிகாரம் ஒரு மனிதனுக்குள் குடியேறுவதைக் கண்ணெதிரே நிறுத்தியது. ஆயினும் அந்த அமாவாசையை வெறுப்பதற்கு மாறாக, அவனுடைய சாமர்த்தியத்தை மெச்சி அவன் வசனங்களைத் தேர்தல்தோறும் சொல்லி மகிழ்வோரையும் நாம் தேநீர்க் கடைகளில் காண்கின்றோம். எச்சரிக்கையாக எழுதப்பட்டது சிலருக்கு வழிகாட்டியாகிவிட்டது.

சார்லி சாப்ளினுக்கும் இந்த வேதனை இருந்தது. 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள் சாப்ளினும் இட்லரும். அந்த மீசையின் ஒற்றுமையையே ஆயுதமாக்கி, 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை அவர் வெளியிட்டார். உலக உருண்டையைப் பலூனாக்கி விளையாடும் சர்வாதிகாரியும், அவனைப் போன்ற முகம் கொண்ட ஏழை யூத நாவிதரும் ஆக இரு வேடங்கள். உலகத்தை உருட்டி விளையாடுகின்றவனின் கையில் பலூன் வெடிக்கும்போது அரங்கம் சிரிக்கும். ஆனால் வதைமுகாம்களின் முழுக் கொடுமையையும் அப்போதே அறிந்திருந்தால் அப்படத்தைத் தம்மால் எடுத்திருக்க முடியாது என்று சாப்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் பின்னர் எழுதினார். சிரிப்புக்கு எட்டாத துயரம் உண்டு என்பதை உலகைச் சிரிக்க வைத்தவரே ஒப்புக்கொண்டார். அவருடைய அடக்கத்தை நாம் வணங்கலாம். ஆயினும் அப்படம் வெளிவந்தபோது உலகின் பல தலைவர்கள் அந்த மனிதனுக்கு அஞ்சிக் கொண்டிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அஞ்ச வேண்டியவன் அல்லன், அளந்து பார்க்க வேண்டியவன் என்று ஒரு நடிகர் சொன்னார். சிரிப்பு கொடுங்கோலனை வீழ்த்துவதில்லை. அவனை அவனுடைய உண்மையான அளவுக்குக் குறைத்துக் காட்டுகின்றது. வீழ்த்தும் வேலை பிறகு மனிதர்களுடையது.

நம் தெருவில் ஓர் அரசன்

இதைப் புத்தகத்திலிருந்தும் திரையிலிருந்தும் மட்டும் நாம் கற்கவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டபோது அடையாற்றின் கரையோரம் பட்ட பாட்டை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. ஏரி பழி சுமந்தது. மழை பழி சுமந்தது. நம் பக்கத்துச் சிற்றேரிகளும் வரத்துக் கால்வாய்களும் மனைகளாக மாறிப்போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இரண்டாண்டுகள் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக நம் பகுதி இளைஞர்கள் நாடகம் ஒன்றை எழுதினார்கள். எழுதியவள் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த ஒரு பெண். அரசன் ஒருவன் தன் நாட்டின் ஏரியைத் துண்டு துண்டாக விற்கின்றான். பிறகு மழை பெய்யும்போது, விற்கப்பட்ட இடத்தில் பெய்யக் கூடாது என்று மேகத்துக்கு ஓலை அனுப்புகின்றான். வெள்ளம் அரண்மனைக்குள் நுழைகின்றது. 'மன்னா, தண்ணீர் மனு கொடுக்க வந்திருக்கின்றது' என்கின்றான் அமைச்சன். ஒத்திகையிலேயே நாம் சிரித்தோம்.

ஒத்திகையின் செய்தி வெளியே போயிற்று. மனை வணிகத்தில் செல்வாக்குப் பெற்ற ஒருவர், விழாப் பந்தலுக்கும் விளக்குக்கும் ஆண்டுதோறும் உதவி வந்தவர், ஏரிக் காட்சியை எடுத்துவிட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். மிரட்டவில்லை, 'நமக்குள் எதற்கு?' என்று மட்டும் கேட்டார். விழாக் குழுவில் வாதம் எழுந்தது. "வம்பு வேண்டாம் அண்ணா, பிள்ளைகள் வேறு நாடகம் போடட்டும்" என்றார் ஒருவர். காட்சி இருக்கட்டும், விளக்கைக் குறைத்துக் கொள்வோம் என்றோம் நாம்.

சொல்வது நமக்கு எளிதாக இருந்தது. அரசனாக நடிக்க இருந்த இளைஞனுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. அவனுடைய தந்தை அந்தச் செல்வந்தரிடம் மேற்பார்வையாளராக வேலை பார்த்து வந்தார். மறுநாள் மாலை அவன் வந்து, "எனக்கு வேண்டாம் மாமா" என்று தலைகுனிந்து நின்றான். அவனைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. நையாண்டிக்கான விலையை எப்போதும் அதை எழுதியவர் கொடுப்பதில்லை. வரிசையின் கடைசியில் நிற்கும் ஓர் எளியவரின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படுகின்றது. இதை எண்ணாமல் வீரம் பேசுவது எழுத்தாளருக்கும் அழகன்று, பெரியவர்களுக்கும் அழகன்று.

எழுதிய பெண்ணே மீசை ஒட்டிக்கொண்டு அரசனாக வந்தாள். விலகிய இளைஞன் திரைக்குப் பின்னால் அமர்ந்து, எவர் கண்ணிலும் படாமல், அரசனின் வருகைக்குப் பறை கொட்டினான். அவ்வாண்டு தோரண விளக்கு இல்லை. நான்கு டியூப்லைட்டுகள் மட்டும்.

முதல் பத்து மணித்துளிகள் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த செல்வந்தரின் ஆட்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பதற்குக்கூட அனுமதி வேண்டும் என்று நம் மக்கள் காத்திருந்ததை அன்று கண்ணால் கண்டோம். மேகத்துக்கு ஓலை அனுப்பும் காட்சியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் தாய் அவசரமாக அவள் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு தானும் சிரித்துவிட்டார். பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆண்டர்சனின் கதையில் அரசன் அம்மணமாக நடக்கின்றான் என்று சொன்னதும் ஒரு குழந்தைதானே?

அதனால் ஏரி திரும்பி வந்துவிட்டதா என்று கேட்கலாம். வரவில்லை. அதற்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர் வாரக் கோரும் மனுவில் கையெழுத்திடத் தயங்கியவர்கள், அதன் பின் தாமே வந்து கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார்கள். கால்வாயின் ஒரு பகுதி தூர் வாரப்பட்டது; மறுபகுதி அப்படியே கிடக்கின்றது. ஒரு நாடகத்தால் ஆகக்கூடியது இவ்வளவே. ஆனால் கையெழுத்திடும்போது ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக் கொண்டார்கள். அந்தச் சிரிப்பு முன்பு இல்லை.

முட்புதரின் நிழல்

விவிலியத்திலும் அரசியல் நையாண்டி உண்டு என்று சொன்னால் சிலர் வியப்பர். நீதித் தலைவர்கள் நூலின் 9ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அபிமெலக்கு தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்றுவிட்டு அரசனாகின்றான். தப்பிய இளையவன் யோத்தாம் கெரிசிம் மலையுச்சியில் நின்று செக்கேம் மக்களுக்கு ஒரு கதை சொல்கின்றான். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடிப் புறப்படுகின்றன. ஒலிவ மரம் தன் எண்ணெயை விட்டுவர மறுக்கின்றது. அத்தி தன் இனிய கனியை விட்டுவர மறுக்கின்றது. திராட்சைக் கொடி தன் இரசத்தை விட்டுவர மறுக்கின்றது. இறுதியில் முட்புதர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, என் நிழலில் வந்து தங்குங்கள் என்கின்றது. முட்புதருக்கு ஏது நிழல்? கதையைச் சொல்லிவிட்டு யோத்தாம் ஓடி ஒளிந்து கொள்கின்றான். நையாண்டிக்காரர்கள் அன்று முதலே ஓட வேண்டியிருந்தது.

இக்கதையில் நகையாடப்படுவது முட்புதர் மட்டுமா? கனியுள்ள மரங்கள் ஒவ்வொன்றும் தன் வேலையைச் சொல்லி விலகியதால்தான் அரியணை முட்புதருக்குப் போயிற்று. நம் பிள்ளை மருத்துவராக வேண்டும், பொறியாளராக வேண்டும், வெளிநாடு போக வேண்டும்; அரசியல் மட்டும் வேண்டாம், அது சாக்கடை. இப்படிச் சொல்லும் ஒலிவ மரங்களும் அத்தி மரங்களும் நம் இல்லங்களில் எத்தனை! பிறகு முள் குத்துகின்றது என்று முறையிடுகின்றோம்.

அண்மைக்காலப் படம் ஒன்று இந்தக் குறையை வேறு வகையில் தீர்த்துக் காட்டுகின்றது. மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா' 2021 ஏப்ரலில், தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பாக வெளிவந்தது. சூரங்குடி என்ற கற்பனைச் சிற்றூரில் பெயர்கூட இல்லாமல், 'இளிச்சவாயன்' என்று அழைக்கப்பட்டு, பின்வாசல் வழியாகவே வீடுகளுக்குள் விடப்படும் நாவிதர் ஒருவர். அஞ்சலகப் பெண் ஊழியர் ஒருவர் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயரிட்டு அடையாள அட்டைக்கு வழி செய்கின்றார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் இரு பக்கமும் வாக்குகள் சமமாக நிற்க, அவருடைய ஒற்றை வாக்குதான் முடிவு செய்யும் என்றாகின்றது. யோகி பாபு அந்த மனிதராகவே வாழ்ந்திருந்தார். முதலில் வேட்பாளர்கள் தரும் பரிசுகளில் மயங்கும் அவர், பின்னர் தனக்கென்று கேட்பதை விட்டு, ஊருக்கு வேண்டியதைக் கேட்கத் தொடங்குகின்றார்.

சாப்ளினின் படத்திலும் நாவிதர், இங்கும் நாவிதர். மற்றவர் கழுத்தருகே கத்தியை வைத்தும் ஒருவருக்கும் தீங்கு செய்யாத கை அது. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் அவர்முன் கண்ணை மூடித் தலையைக் கொடுத்து அமர்கின்றார்கள். ஆனால் அவருக்கு ஒரு நாற்காலி கொடுப்பதில்லை. இரு கலைஞர்களும், எண்பது ஆண்டு இடைவெளியில், கொடுமைக்கு எதிரான சொல்லை ஊரின் ஆகக் கடைசி மனிதனின் வாயில் வைத்தார்கள். ஆள விரும்புகின்றவன் பணியாளனாக இருக்கட்டும் என்ற நற்செய்தியின் பாடத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.

புலிகேசிகள் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. மீசையை நாம் முறுக்கிவிடுகின்றோம். ஓவியத்துக்குத் தோள்களை நாம் வரைகின்றோம். சாதிச்சண்டை மைதானத்துக்கு நாம் நடந்து போகின்றோம். நல்ல நையாண்டிப் படம் நமக்குச் செய்யும் உதவி, சிரித்து முடித்தவுடன் அந்த அவையில் நாம் எங்கே நின்று கொண்டிருந்தோம் என்று தேட வைப்பதே. அரியணையில் நம்மை நாம் காண மாட்டோம். கைகட்டி நிற்கும் வரிசையில் நம் சாயல் தெரியலாம். தெரிந்தால், அடுத்த முறை யாரேனும் நம் வீட்டிலோ, அலுவலகத்திலோ, சங்கத்திலோ, ஊரிலோ மேகத்துக்கு ஓலை எழுதச் சொல்லும்போது, எழுதுகோலைக் கீழே வைக்கும் துணிவு நமக்கு வரக்கூடும். சேக்கிழாரின் அமைச்சன்போல் உயிரைக் கொடுக்குமாறு நம்மை ஒருவரும் கேட்கவில்லை. கைகளைக் கட்டாமல் நிற்கத்தான் கேட்கின்றார்கள்.